வீட்டில் ஒருவருக்கு டி.பி. என்றால்: குடும்பத்தார் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

காசநோய் என்று டாக்டர் சொன்ன நிமிடத்தில் நோயாளி பெரும்பாலும் வாயடைத்துப்போகிறார். கேள்விகள் உடன் வந்தவர்களுக்குத்தான். அவற்றையும் டாக்டரிடம் கேட்பதில்லை. மாத்திரை வாங்கும் ஜன்னலருகிலும் வெளியே மர நிழலிலும் குரலைத் தணித்துக்கொண்டு கேட்கிறார்கள். அப்படிக் கேட்கப்படும் கேள்விகளே கீழே உள்ளவை. உங்கள் வீட்டு நோயாளிக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதை அவரைப் பார்க்கும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். மற்ற எல்லாவற்றையும் இங்கே பேசலாம்.

டி.பி. வந்தால் பிழைக்க முடியுமா?

முடியும். மருந்துக்கு அடங்கும் சாதாரண டி.பி. ஆறு மாதத்தில் முழுசாகக் குணமாகும். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் மாதிரி ஆயுள் முழுக்க மாத்திரை போட வேண்டிய நோயல்ல இது.

வீட்டுப் பெரியவர்கள் இந்தப் பெயரைக் கேட்டதும் நடுங்குவதற்குக் காரணம் இருக்கிறது. 1940-களின் நடுப்பகுதி வரை இந்தக் கிருமியைக் கொல்ல மருந்தே கிடையாது. எலும்புருக்கி என்று பேர் வைத்து, ஆள் தேய்வதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். வசதி உள்ளவர்களை சானடோரியத்துக்கு, அதாவது காசநோயாளிகள் தங்கும் ஆஸ்பத்திரிக்கு, அனுப்பினார்கள். தாம்பரத்தில் 1928-இல் டாக்டர் சவரிமுத்து தொடங்கியது அப்படியொன்று. நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, இவ்வளவுதான் சிகிச்சை. சானடோரியம் என்ற பெயர் இன்றும் அங்குள்ள ரயில் நிலையப் பலகையில் இருக்கிறது. அந்தக் காலத்துப் பயமும் நம் வீடுகளில் அப்படியே இருக்கிறது. மருந்து வந்து ஏறத்தாழ எண்பது ஆண்டு ஆகிறது. பயம் மட்டும் இன்னும் இறங்கவில்லை.

ஆனாலும் இந்தியாவில் ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் டி.பி.யால் சாகிறார்கள். உலகத்து டி.பி. நோயாளிகளில் நாலில் ஒருவர் இந்தியர். இவர்களில் பலரைக் கொல்வது மருந்தின் தோல்வி அல்ல. தாமதமாக வந்தது, உடம்பில் சத்தே இல்லாமல் வந்தது, மாத்திரையைப் பாதியில் விட்டது, இவைதான் கொல்கின்றன. மூன்றிலும் வீட்டாரின் பங்கு இருக்கிறது. அதனால்தான் இந்தப் பக்கத்தை நோயாளியைவிட அவரோடு இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

தட்டு, டம்ளர், துணியெல்லாம் தனியாக வைக்க வேண்டுமா?

வேண்டாம். டி.பி. காற்றின் வழியே பரவும் நோய். நுரையீரலில் டி.பி. உள்ளவர் இருமும்போதும் தும்மும்போதும் பேசும்போதும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் வெளியே வருகின்றன. காற்றோட்டமில்லாத அறையில் அவை மணிக்கணக்கில் மிதக்கும். அந்தக் காற்றைத் தொடர்ந்து சுவாசிப்பவருக்குத்தான் தொற்றுகிறது. ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, தொடுவதாலோ, அவர் துணியோடு நம் துணியைத் துவைப்பதாலோ தொற்றாது.

தனித் தட்டு கொடுப்பது கிருமியைத் தடுப்பதில்லை. நோயாளியின் மனதை மட்டும் உடைக்கிறது. தன் தட்டு மூலையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருப்பதைப் பார்க்கும் மனிதர் அரை வயிறு சாப்பிட்டுவிட்டு எழுந்துபோவார். அந்த அரை வயிறு அவர் எடையில் தெரியும்.

செய்ய வேண்டியது வேறு. ஜன்னலைத் திறந்து வையுங்கள். வெயிலும் காற்றும் உள்ளே வரட்டும். இருமும்போது வாயைத் துணியால் மூடச் சொல்லுங்கள், முதல் சில வாரம் வீட்டுக்குள் முகக்கவசம் போடட்டும். கண்ட இடத்தில் துப்பாமல் மூடியுள்ள டப்பாவில் துப்பட்டும். முடிந்தால் தனியாகப் படுக்கட்டும். ஓரறை வீடு என்றால் ஜன்னலோரம் அவருக்கு. மருந்து ஒழுங்காகப் போட ஆரம்பித்து, அது வேலையும் செய்தால், பெரும்பாலானோரிடமிருந்து இரண்டு வாரத்துக்குள்ளேயே பரவும் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும்.

நுரையீரல் தவிர வேறு இடத்தில் மட்டும் டி.பி. இருந்தால், உதாரணமாகக் கழுத்து நெறிக்கட்டியிலோ முதுகெலும்பிலோ, அது மற்றவர்களுக்குப் பரவுவதே இல்லை எனலாம். அவருக்கு முகக்கவசம்கூடத் தேவையில்லை.

வீட்டில் வைத்துப் பார்ப்பது ஆபத்தில்லையா? எங்காவது சேர்த்துவிடலாமா?

இந்தக் கேள்விக்கு உலகத்துக்கே பதில் சொன்னது நம் சென்னை. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு எல்லாம் சேர்ந்து இங்கே ஒரு காசநோய் மருந்தாய்வு மையத்தைத் தொடங்கின. சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்குவது அதுதான். வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர் அதை வழிநடத்தினார். நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த 193 நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு சானடோரியத்தில் கட்டில், நல்ல சாப்பாடு, நர்ஸ், முழு ஓய்வு. மீதிப் பேர் தங்கள் நெருக்கடியான வீட்டிலேயே இருந்து, கிடைத்ததைச் சாப்பிட்டு, முடிந்த வேலையைப் பார்த்தார்கள். இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஓராண்டு.

1959-இல் முடிவு வெளியானது. இரு தரப்பிலும் குணமானவர்கள் ஏறக்குறைய ஒரே அளவு. அதைவிட முக்கியம், வீட்டில் இருந்த நோயாளிகளின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாக வரவில்லை என்பது பின்தொடர்ந்த ஆண்டுகளில் தெரிந்தது. அவர்களுக்குத் தொற்றியிருந்தால் அது பெரும்பாலும் மருந்து ஆரம்பிப்பதற்கு முன்பே தொற்றியது. உலகமெங்கும் சானடோரியங்களின் தேவை குறைந்ததற்கு இந்த ஆய்வு பெரிய காரணம். டி.பி. நோயாளியை வீட்டைவிட்டு அனுப்பத் தேவையில்லை என்று நிரூபித்ததே இந்த ஊரின் ஒண்டுக்குடித்தன வீடுகள்தான். அதே ஊரில் இன்னும் நோயாளியை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

அப்படியானால் யாரைத்தான் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும்?

மூன்று விஷயம் பாருங்கள். பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா? உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறதா, விரலில் மாட்டும் கருவியில் ஆக்ஸிஜன் 94-க்குக் கீழே காட்டுகிறதா? உடம்பு மிக மோசமாக இளைத்திருக்கிறதா? ஐந்தே கால் அடி உயரமுள்ள ஒருவர் 36 கிலோவுக்கும் கீழே இருந்தால் அது உயிருக்கு ஆபத்தான மெலிவு. இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே சேர்க்க வேண்டும். கால் வீக்கம் இருந்தாலும் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டில் 2022 முதல் நடக்கும் காசநோய் இறப்பில்லாத் திட்டம் இதைத்தான் செய்கிறது. அரசு நிலையத்தில் டி.பி. உறுதியானவர்களின் எடை, உயரம், மூச்சு, ஆக்ஸிஜன், நிற்கும் திறன் ஆகியவற்றை அங்கேயே பார்த்து, ஆபத்தில் இருப்பவர்களைப் பிரித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். உங்கள் வீட்டு நோயாளிக்கு இந்த அளவுகளை எடுத்தார்களா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. டி.பி. சாவுகளில் பெரும்பங்கு சிகிச்சையின் ஆரம்ப வாரங்களில் நடக்கிறது.

கிருமி உள்ளே போனால் நோய் வந்தே தீருமா?

இல்லை. உலக மக்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு இந்தக் கிருமி தொற்றியிருக்கிறது. அவர்களில் வாழ்நாளில் நோயாக மாறுவது 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான், அதுவும் தொற்றிய முதல் இரண்டு ஆண்டுக்குள் அதிகம். மற்றவர்களின் உடம்பு அதை அடக்கி வைத்துக்கொள்கிறது.

அந்தக் கட்டு எப்போது தளர்கிறது? இந்தியாவில் முதல் காரணம் போதிய சாப்பாடு இல்லாமை. அடுத்து சர்க்கரை நோய், அது டி.பி. ஆபத்தை இரண்டு மூன்று மடங்கு கூட்டும். எச்.ஐ.வி., பீடி சிகரெட், குடி, நீண்ட நாள் ஸ்டீராய்டு, டயாலிசிஸ், கல் குவாரித் தூசி ஆகியவையும் உண்டு. டி.பி. உறுதியான எல்லோருக்கும் சர்க்கரையும் எச்.ஐ.வி.யும் பரிசோதிக்கிறார்கள். எச்.ஐ.வி. பரிசோதனை என்றதும் சந்தேகப்படுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம், எல்லோருக்கும் எடுப்பதுதான்.

எப்போது சந்தேகப்பட வேண்டும்?

இரண்டு வாரம் தாண்டியும் நிற்காத இருமல். சாயங்காலமானால் ஏறும் காய்ச்சல். ராத்திரி தலையணை நனையும் வியர்வை. பசியில்லாமை, காரணமின்றி எடை குறைவது, சளியில் ரத்தம். இவற்றில் ஒன்றே போதும், எல்லாம் சேர்ந்து வரக் காத்திருக்க வேண்டாம்.

இருமலே இல்லாமலும் டி.பி. வரும். ஆறாத கழுத்துக் கட்டி, மாதக்கணக்கான முதுகுவலி, குழந்தை எடை ஏறாமல் மந்தமாக இருப்பது, விலாப்பக்கம் நீர் கோப்பது என்று பல உருவம் உண்டு. சில பெண்களுக்குக் குழந்தையின்மைக்குக் கர்ப்பப்பை டி.பி. காரணமாக இருக்கும்.

மருந்துக்கடையில் இருமல் டானிக்கும் ஆன்டிபயாட்டிக்கும் மாற்றி மாற்றி வாங்கிக் குடிப்பதுதான் நம் ஊரில் தாமதத்துக்கு முதல் காரணம். சில ஆன்டிபயாட்டிக் டி.பி.யை அரைகுறையாக அமுக்கி, கொஞ்ச நாள் நன்றாக இருப்பதுபோலக் காட்டும். கண்டுபிடிப்பது அதனால் இன்னும் தள்ளிப்போகும்.

என்ன பரிசோதனை? ரத்தம் எடுத்தால் தெரிந்துவிடுமா?

சளிதான் முக்கியம், எச்சில் அல்ல. காலையில் வாயைக் கொப்பளித்துவிட்டு, ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளி. சிபிநாட், ட்ரூநாட் என்ற கருவிகள் சில மணி நேரத்திலேயே கிருமி இருக்கிறதா என்பதோடு, ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்துக்கு அடங்குமா என்பதையும் சொல்லும். அரசு நிலையங்களில் இலவசம். கூடவே நெஞ்சு எக்ஸ்ரே. நெறிக்கட்டி என்றால் ஊசியால் உறிஞ்சி எடுத்துப் பார்ப்பார்கள்.

டி.பி.யைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லி ஒரு காலத்தில் விற்ற ரத்த ஆன்டிபாடி சோதனைகள் நம்பத்தகாதவை என்று 2012-இல் இந்திய அரசே தடை செய்தது. கையில் ஊசி போட்டுப் பார்க்கும் மான்டூ சோதனை கிருமி தொற்றியதா என்றுதான் காட்டும், நோய் இருக்கிறதா என்பதைத் தனியாக அது சொல்லாது.

இரண்டு மாதத்தில் நன்றாகிவிட்டார். ஆறு மாதமும் மாத்திரை வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். வீட்டார் மிகவும் விழிப்பாக இருக்க வேண்டிய கட்டம் இதுதான்.

முதல் இரண்டு மாதம் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் என்று நாலு மருந்து. அடுத்த நாலு மாதம் பைரசினமைடு நீங்கலாக மூன்று. எடைக்கேற்ற எண்ணிக்கையில், ஒரே மாத்திரையில் கலந்து, தினமும். முதல் வாரங்களிலேயே வேகமாகப் பெருகும் கிருமிகள் பெரும்பாலும் செத்துவிடும். காய்ச்சல் நிற்கும், பசி எடுக்கும், முகம் தெளியும். ஆனால் மெதுவாக வளரும், உறங்கிக் கிடக்கும் கிருமிகள் மீதம் இருக்கும். அடுத்த நாலு மாதம் அவற்றுக்காக. இடையில் விட்டால் நோய் திரும்பும். விட்டு விட்டுப் போட்டால் மிஞ்சும் கிருமி மருந்துக்கே அடங்காததாக மாறலாம்.

பாதியில் விடுபவர்கள் பொறுப்பில்லாதவர்கள் என்று சொல்வது எளிது. நான் பார்த்தவரை வேலைக்குப் போயாக வேண்டும், வாந்தி தாங்கவில்லை, வெளியூர் போக நேர்ந்தது, அல்லது மாத்திரை போடுவதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்ற வெட்கம், இப்படி ஒன்று பின்னால் இருக்கும். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் வழி உண்டு. ஊர் மாறினால் அங்குள்ள நிலையத்துக்கு மாற்றிக்கொடுப்பார்கள், சிகிச்சை எண் நாடு முழுக்க ஒன்றுதான். வீட்டில் ஒருவர் தினமும் ஒரே நேரத்தில் மாத்திரையையும் தண்ணீரையும் கையில் கொடுத்துவிட்டு, விழுங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். அதட்டிக் கொடுப்பதைவிட அது நன்றாக வேலை செய்யும்.

சிறுநீர் சிவப்பாகப் போகிறது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா?

ஆரஞ்சு அல்லது சிவப்பு நிறம் ரிஃபாம்பிசினால் வருவது, கெடுதல் இல்லை. வியர்வையும் கண்ணீரும்கூட நிறம் மாறலாம். குமட்டல், லேசான மூட்டுவலி இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், சமாளிக்கலாம். கை கால் மரத்துப்போனால் பி6 வைட்டமின் கொடுப்பார்கள்.

ஆனால் கண்ணின் வெள்ளை மஞ்சளாகிவிட்டால், வாந்தி ஓயாவிட்டால், சாப்பாட்டை நினைத்தாலே ஓங்கரித்தால், ஈரல் பாதிக்கப்பட்டிருக்கலாம். மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பார்வை மங்கினாலோ, சிவப்பும் பச்சையும் குழம்பினாலோ அதுவும் அவசரம். இந்த ஆறு மாதம் சாராயம் கூடாது, ஈரலுக்கு இரட்டைச் சுமை. சர்க்கரை, வலிப்பு, ரத்தம் உறையாமைக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்னதாகவே சொல்ல வேண்டும், ரிஃபாம்பிசின் அவற்றின் வீரியத்தைக் குறைக்கும்.

என்ன சாப்பாடு கொடுக்கலாம்? பத்தியம் உண்டா?

பத்தியம் கிடையாது. முட்டை சூடு, தயிர் சளி, வாழைப்பழம் கூடாது, கறி மீன் கூடாது என்று தள்ளித் தள்ளி, கடைசியில் ரசம் சோறு மட்டும் கொடுக்கும் வீடுகள் உண்டு. இளைத்துக் கிடக்கும் உடம்புக்கு அது பட்டினி.

சென்னை ஆய்வில் மோசமான சாப்பாடு சாப்பிட்டவர்களும் குணமானார்களே, பிறகு சாப்பாடு எதற்கு என்று கேட்கலாம். கிருமியைக் கொல்வது மருந்துதான் என்பதை அந்த ஆய்வு காட்டியது. ஆளைத் தூக்கி நிறுத்துவதிலும் மற்றவர்களுக்கு நோய் வராமல் காப்பதிலும் சாப்பாட்டுக்கு எவ்வளவு பங்கு என்பதை இன்னோர் ஆய்வு காட்டியது. ஜார்க்கண்டின் நாலு மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை நடந்து, 2023-இல் லான்செட் மருத்துவ இதழ்களில் வெளியான ஆய்வு அது. நோயாளிகள் எல்லோருக்கும் மாதாமாதம் அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய் கொடுத்தார்கள். குடும்பத்தாரில் ஒரு பகுதியினருக்கு மட்டும் அரிசியும் பருப்பும். அப்படிப் பெற்ற குடும்பங்களில் புதிதாக டி.பி. வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. நோயாளிகளில், முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறியவர்களுக்குச் சாவின் ஆபத்து ஏறத்தாழ 60 சதவீதம் குறைவாக இருந்தது. 40 கிலோ ஆளுக்கு 5 சதவீதம் என்றால் இரண்டு கிலோ. அரிசியும் பருப்பும் செய்த வேலை இது.

ஆகவே மாதம் ஒருமுறை எடை பார்த்து எழுதி வையுங்கள். தினமும் ஒன்றிரண்டு முட்டை, பருப்பு, அவித்த கொண்டைக்கடலையோ வேர்க்கடலையோ ஒரு கை, நெத்திலிக் கருவாடு, கீரை, பால் சேர்த்த கேழ்வரகுக் கஞ்சி. விலை உயர்ந்த ஊட்டச்சத்துப் பவுடர் டப்பாவுக்குக் கொடுக்கும் காசில் எத்தனை முட்டை வரும் என்று கணக்குப் பாருங்கள். முதலில் பசி இருக்காது, கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு தடவை கொடுங்கள். வீட்டில் மற்றவர்களும் சேர்ந்து சாப்பிட வேண்டும். தாய்மார்கள் தங்கள் பங்கை நோயாளிக்குக் கொடுத்துவிட்டுப் பட்டினி கிடந்தால், அடுத்து நோய் வருவது அவர்களுக்குத்தான்.

செலவு? வேலை போய்விடுமா?

அரசு நிலையத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். தனியார் டாக்டரிடம் பார்த்தாலும் அவர் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது 2012 முதல் விதி. பதிவானவர்களுக்கு ஊட்டச்சத்துக்காக வங்கிக் கணக்கில் மாதம் 1000 ரூபாய் வரும். 2018-இல் 500 ஆக இருந்தது, 2024 நவம்பரில் கூட்டினார்கள். தாமதமானால் நிலையத்தில் கேளுங்கள், 1800-11-6666 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம்.

திருப்பூர், கோவை பக்கம் கம்பெனிகளில் வேலை செய்பவர்கள் ஈ.எஸ்.ஐ. அட்டையை மறந்துவிடுகிறார்கள். அதன் நீட்டித்த நோய்க்கால உதவிப் பட்டியலில் காசநோய் இருக்கிறது. இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலையில் இருந்து, சந்தா நிபந்தனையும் நிறைவேறியிருந்தால், விடுப்புக் காலத்துக்குச் சம்பளத்தில் 80 சதவீதம் வரை கிடைக்கும். டாக்டர் சான்றிதழ் வேண்டும்.

வீட்டிலுள்ள மற்றவர்கள் என்ன செய்ய வேண்டும்? தடுப்பூசி போட்டாயிற்றே?

பிறந்ததும் போடும் பி.சி.ஜி. குழந்தைகளை மூளைக்காய்ச்சல் டி.பி. போன்ற கொடிய வகைகளிலிருந்து காக்கிறது, அதனால் கட்டாயம் போட வேண்டும். ஆனால் பெரியவர்களின் நுரையீரல் டி.பி.யை அது தடுக்காது. இதுவும் நம் பக்கத்தில் தெரிந்த உண்மைதான். 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய மாபெரும் ஆய்வு அதைக் காட்டியது.

ஆகவே வீட்டிலுள்ள எல்லோரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். நோய் இல்லை என்று உறுதியானவர்களுக்கு, முக்கியமாக ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு, தடுப்பு மருந்து உண்டு. ஆறு மாதம் தினமும் ஐசோனியசிட் அல்லது, வயதுக்கேற்ப, வாரம் ஒருமுறையாக 12 வாரம் இரு மருந்துச் சேர்க்கை. நோயே இல்லாத குழந்தைக்கு எதற்கு மாத்திரை என்று பாட்டிமார் தடுப்பார்கள். கிருமி உள்ளே உறங்கும்போதே கொல்வதற்குத்தான் அது என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

கல்யாணம், கர்ப்பம், தாய்ப்பால்?

குணமானபின் கல்யாணத்துக்கு எந்தத் தடையும் இல்லை. இது பரம்பரை நோயல்ல. கர்ப்பிணிக்கும் வழக்கமான மாத்திரைகளைக் கொடுக்கலாம், மருந்துக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளுவதுதான் தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்து. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது, முகக்கவசம் போட்டுக்கொண்டு கொடுக்கலாம். குழந்தைக்குத் தடுப்பு மருந்து தருவார்கள். டி.பி. மருந்து போடும் காலத்தில் கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாது, வேறு வழி வேண்டும்.

பெண்ணுக்கு டி.பி. என்றால் அம்மா வீட்டுக்கு அனுப்பிவைப்பதும், ஆணுக்கு வந்தால் மனைவி இரவு பகலாகப் பார்த்துக்கொள்வதும் நம் ஊர் வழக்கமாக இருக்கிறது. இது அநியாயம். அவளுக்கும் அதே ஆறு மாதம், அதே முட்டை, அதே கவனிப்பு வேண்டும்.

மருந்துக்கு அடங்காத டி.பி. என்று சொல்லிவிட்டார்கள். இனி?

கடினம், ஆனால் கைவிட வேண்டியதில்லை. முன்பு இரண்டு ஆண்டு வரை மருந்தும், காதையே கெடுக்கும் ஊசியும் இருந்தன. இப்போது பெடாகுவிலின் முதலிய புதிய மருந்துகள் சேர்ந்த ஆறு மாத வாய்வழிச் சிகிச்சைக்கு 2024-இல் இந்தியாவில் ஒப்புதல் கிடைத்திருக்கிறது. எல்லோருக்கும் அது பொருந்தாது, இதயத் துடிப்புப் படமும் ரத்தப் பரிசோதனையும் அடிக்கடி எடுப்பார்கள். மனச்சோர்வு இவர்களுக்கு அதிகம். தூக்கமின்மை, யாரிடமும் பேசாமல் இருப்பது, சாவைப் பற்றிப் பேசுவது தெரிந்தால் அதையும் நோயின் பகுதியாக டாக்டரிடம் சொல்லுங்கள்.

சிகிச்சை முடிந்தது. மறுபடி வருமா?

வரலாம், பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுக்குள். அதனால் 6, 12, 18, 24-ஆம் மாதங்களில் ஒருமுறை காட்டச் சொல்கிறார்கள். சிலருக்குக் கிருமி போனபின்னும் நுரையீரல் தழும்பால் மூச்சு வாங்கும், அதற்கு மூச்சுப் பயிற்சியும் வேறு மருந்தும் உண்டு. மறுபடி இரண்டு வாரம் இருமல் நீடித்தால் மீதமிருக்கும் பழைய மாத்திரையை எடுத்துப் போடாதீர்கள். பழைய சிகிச்சை அட்டையோடு போய், முன்பு டி.பி. இருந்ததைச் சொல்லி, சளியைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.